விடியற்காலையில் இறங்கிப் போகிறவர்

ஜனவரி 5, ஞாயிறு. கொச்சி

டயர் கடையில் இனாமாகக் கொடுத்த டைரி. போன வருடத்து டைரி என்பதால் கிழமை ஒத்துவராது. அடித்து அடித்து எழுதுகிறேன். சந்தேகத்தை மனசில் வைத்தால் மறந்துபோகும், எழுதிவைத்தால் ஆதாரம்.

நான் பத்தாம் வகுப்பை இரண்டு தடவை படித்தவன். ஒரே தடவையில் முடித்தவர்களைவிட எனக்குக் கூடுதலாகத் தெரிந்திருக்க வேண்டும். தெரிந்ததை வைத்துத் தென்காசி–புனலூர் தனியார் பஸ்ஸில் பன்னிரண்டு வருடம் கண்டக்டர், பதினெட்டு வருடம் செக்கிங் இன்ஸ்பெக்டர். கடையநல்லூர் மைதீன்பிச்சை ஏறினால் டிக்கெட் எடுத்தவனுக்கும் வியர்க்கும் என்று பெயர்.

என் மகள் ஹிதாயா கொச்சியில் ஓர் ஆஸ்பத்திரியில் லேப் டெக்னீசியன். அக்டோபரில் போன் செய்து, "வாப்பா, ஒருத்தரைப் பிடிச்சிருக்கு. நீங்க விசாரிச்சுச் சரின்னா கட்டிக்கிடுதேன்" என்றாள். பையன் பெயர் ஜலால். சரக்குக் கப்பலில் வேலை. ஊர், லட்சத்தீவுப் பக்கம் குருத்தி என்று ஒரு தீவு. அவன் இப்போது பிரேசில் பக்கம் எங்கேயோ மிதக்கிறான். அதனால்தான் இப்போது போகிறேன். ஆள் இல்லாத நேரத்தில்தான் பையைச் சோதிக்க வேண்டும்.

ஆனால் தீவுக்குள் நுழையும் பெர்மிட்டுக்குத் தீவுக்காரர் ஒருவர் கையெழுத்துப் போட வேண்டுமாம். பையனின் தாய்மாமா பூக்கோயா போட்டிருக்கிறார். ஆக நான் வருவது அவர்களுக்குத் தெரியும். பாதி ரகசியம்.

இதற்கு முன் நாலு மாப்பிள்ளை பார்த்துத் தள்ளிவிட்டேன். ஒருத்தன் அளவுக்கு மீறிச் சிரித்தான். ஒருத்தன் சிரிக்கவே இல்லை. மூன்றாமவனின் உம்மா காப்பிக்கு இரண்டு தடவை சீனி கேட்டாள். நாலாமவனிடம் ஒரு குறையும் தெரியவில்லை. அதுதான் பெரிய சந்தேகம்.

ஹிதாயா துறைமுகம் வரை வந்தாள். "குறை கண்டுபிடிக்கப் போகாதீங்க வாப்பா. பார்க்கப் போங்க."

"ரெண்டும் ஒண்ணுதானே புள்ள?"

அவள் சிரிக்கவில்லை. மாத்திரைகளைக் காலை, மாலை என்று எழுதி உறையில் போட்டுத் தந்தாள். அவளுக்கு ஒன்பது வயதில் என் மனைவி மர்யம் மவுத்தாகிவிட்டாள். அது இங்கே எழுத வேண்டிய விஷயம் இல்லை.

ஜனவரி 7, செவ்வாய். குருத்தித் தீவு

கப்பல் கரைக்கு வராது. நடுக்கடலில் நிற்கும். பக்கவாட்டுக் கதவைத் திறந்து, கீழே எம்பிக் குதிக்கிற படகில் இறங்கு என்கிறார்கள். ஓடுகிற பஸ்ஸில் முப்பது வருடம் ஏறி இறங்கியவன் என்ற தைரியத்தில் காலை வைத்தேன். பஸ் மேலும் கீழும் போகாது. இரண்டு கை என் கக்கத்தைப் பிடித்து, மூட்டையை இறக்குவதுபோல இறக்கியது.

"பயப்படாதீங்க காக்கா, நான்தான் பூக்கோயா" என்றார் கைகளின் சொந்தக்காரர். இவர்கள் பேச்சில் காக்கா என்றால் அண்ணன். அறுபது வயது இருக்கும். தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் உரு என்கிற மரக்கப்பல் ஓட்டினவராம். தமிழ் நன்றாகப் பேசுகிறார். நன்றாகப் பேசுகிறவனிடம் எப்போதும் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும்.

தண்ணீர் அப்படி ஒரு பச்சை. தென்னை, வெள்ளை மணல், தென்னை. அழகுதான். அழகுக்கு நான் வரவில்லை. நான் கரையில் கால் வைத்ததும் பேசிக்கொண்டிருந்த முப்பது பேரும் வாயை மூடினார்கள். இது என் குறிப்பு எண் ஒன்று.

எனக்கு ஒரு விருந்தினர் அறை. எதிரே மணல் பாதை, அதைத் தாண்டி நீலக் கதவு வைத்த பெரிய வீடு.

"அதுதான் ஜலாலோட வீடு. என் தங்கச்சி குஞ்ஞிபீ வீடு" என்றார் பூக்கோயா.

"மாப்பிள்ளையோட வாப்பா உள்ளே இருக்காரா?"

"செறியகோயாவா? அவர் அவரோட வீட்டில இருப்பார். வடக்கே, பள்ளிவாசல் தாண்டி."

அவரோட வீடு! தனித்தனி வீடு! எவ்வளவு சாதாரணமாகச் சொல்கிறார் பாருங்கள். புருஷன் பெண்டாட்டி பிரிந்திருக்கிறார்கள் என்பதை என் பிள்ளையிடம் ஒருவரும் மூச்சு விடவில்லை. குறிப்பு எண் இரண்டு.

"அவரைப் பார்க்கணுமே."

"பார்க்கலாம். திங்கட்கிழமை முறைப்படி வருவார். நாள் குறிச்சாச்சு."

சொந்த சம்பந்தியைப் பார்க்க ஆறு நாள் கழித்து நாள் குறிக்கிறார்கள். எதையோ ஒத்திகை பார்க்க வேண்டியிருக்கும்.

ஜனவரி 8, புதன்

நீலக் கதவு வீட்டில் காலைப் பலகாரம். மீன். மதியம் மீன். நடுவில் ஒரு மாற்றத்துக்காகக் காய்ந்த மீன்.

குஞ்ஞிபீ உயரமான பெண்பிள்ளை. முக்காட்டைச் சரிசெய்தபடி கதவருகில் நின்று என்னை ஏற இறங்கப் பார்த்தாள். அந்தப் பார்வை எனக்குத் தெரியும். நான் பிழைத்ததே அந்தப் பார்வையால்தான். அவர்கள் பேசுவது மலையாளத்தின் சித்தப்பா மகன் மாதிரி ஒரு பேச்சு. புனலூர் பஸ் புண்ணியத்தில் முக்கால்வாசி புரிகிறது. இங்கே எனக்கு வந்தபடி எழுதுகிறேன்.

"உங்க வீட்டில எத்தனை அறை?" இதுதான் அவள் கேட்ட முதல் கேள்வி. சுகமா, பயணம் எப்படி, ஒன்றும் இல்லை.

"கீழே மூணு. மாடியில ரெண்டு."

"மாடியில யார் இருக்கா?"

"யாரும் இல்ல. சும்மாதான் கிடக்கு."

அவள் முகம் விழுந்துவிட்டது. உள்ளே போய், கொஞ்சம் கழித்துத் திரும்பி வந்தாள்.

"உங்க வீட்டிலயிருந்து கடல் எவ்வளவு தூரம்?"

"கடலா? பஸ்ஸில மூணு மணி நேரம்."

திரும்பவும் உள்ளே போய்விட்டாள். அப்புறம் வரவில்லை.

இது என்ன கணக்கு என்று எனக்குப் புரியாமலா? சீதனத்துக்கு அளவெடுக்கிறார்கள். மாடி வரை அளந்தாயிற்று.

கடற்கரைக்குப் போனால் பூக்கோயா கூட வருகிறார். தபாலாபீசுக்குப் போனால் வருகிறார். கக்கூசுக்குப் போனேன், வெளியே இருமல் சத்தம். என்னை வேவு பார்க்கிறார்கள். நானே வேவு பார்க்க வந்தவன். என்னை வேவு பார்த்தால் எப்படி?

ராத்திரி இஷா தொழுகை முடிந்ததும் இன்னொரு விநோதம். தீவின் ஆண்கள் அத்தனை பேரும் கையில் டார்ச் வெளிச்சத்தோடு ஆளுக்கொரு திசையில் நடக்கிறார்கள். வடக்கே இருப்பவன் தெற்கே, தெற்கே இருப்பவன் கிழக்கே. நீலக் கதவு வீட்டு வாசலிலிருந்து பூக்கோயாவும் கிளம்பிவிட்டார்.

"எங்கே?"

"வீட்டுக்கு."

"இதுதானே உங்க வீடு?"

"ஆமா, இதுதான் என் வீடு" என்று சொல்லிவிட்டு எதிர்ப்பக்கம் நடந்து போனார்.

கடத்தல். வேறென்ன?

ஜனவரி 9, வியாழன்

இதை நிதானமாக எழுத வேண்டும்.

விடியற்காலைச் சுபுஹு பாங்குக்கு முன் விழிப்பு வந்தது. ஜன்னலைத் திறந்தேன். நீலக் கதவு மெதுவாகத் திறந்தது. ஓர் ஆள் வெளியே வந்தார். ஒல்லி, நரைத்த தாடி, கையில் டார்ச், தோளில் துண்டு. கால் கழுவி, செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு, சத்தமில்லாமல் பாதையில் இறங்கி வடக்கே போனார்.

கதவடியில் குஞ்ஞிபீ. அவர் தலை மறைகிற வரை நின்றாள்.

அது பூக்கோயா இல்லை. ஜலால் பிரேசிலில். புருஷன் வடக்கே தன் வீட்டில்.

யா அல்லாஹ்.

ஜனவரி 10, வெள்ளி

ஜும்மாவில் அந்த ஆள் எனக்கு இரண்டு வரிசை முன்னால். தொழுகை முடிந்து திரும்பினார், என்னைப் பார்த்தார், தலையைக் குனிந்துகொண்டு கூட்டத்தில் நழுவிவிட்டார். அந்த நழுவலை எனக்குத் தெரியும். பின்வாசல் வழியாக இறங்குகிற நழுவல்.

யார் என்று பூக்கோயாவிடம் கேட்கவில்லை. செக்கிங்கில் முதல் விதி: பயணியிடம் கேட்காதே, டிக்கெட்டைப் பார்.

மதியம் பூக்கோயாவைக் கொஞ்சம் கிண்டிப் பார்த்தேன். கரையோரத் தண்ணீரில் நின்ற பெரிய படகைக் காட்டி, "இது யாருது?" என்றேன்.

"வெள்ளிக்கிழமையோடது."

"அந்தத் தோப்பு?"

"அது திங்கட்கிழமை."

ஆள் பெயர் கேட்டால் கிழமை சொல்கிறார்கள். சங்கேத பாஷை. இதையும் எழுதிக்கொண்டேன்.

ஜனவரி 11, சனி

மழை, சந்தேகம், வயிற்றுப்போக்கு. மூன்றும் நிற்கவில்லை.

ஜனவரி 12, ஞாயிறு

இன்று பின்தொடர்ந்தேன்.

அவர் நீலக் கதவைத் தாண்டி இறங்கியதும் நானும் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டேன். ஐம்பத்தொன்பது வயதில் வெறுங்காலோடு பவளக் கல்லில் நடந்தால் மனிதனுக்குத் தன் பாவங்கள் ஒவ்வொன்றாக நினைவுக்கு வரும். பள்ளிவாசல் தாண்டி, ஒரு கிணறு தாண்டி, மஞ்சள் சுவர் வைத்த வீட்டுக்குள் நுழைந்தார். தென்னைக்குப் பின்னால் நின்றேன். உள்ளேயிருந்து ஒரு பெண்பிள்ளை தேநீர் கொண்டுவந்து ஆள் முன்னால் டக்கென்று வைத்தாள். பிறகு திட்ட ஆரம்பித்தாள். பாங்கு சொல்லி, ஆள் தொழுது முடித்து வந்தும் திட்டு முடியவில்லை. ஆள் வாயே திறக்காமல் குடித்தார். கட்டிய பெண்டாட்டி அல்லாமல் வேறு யார் இப்படித் திட்ட முடியும்?

ஆக, இவருக்கு வீட்டில் ஒருத்தி. அங்கே குஞ்ஞிபீ. பாவம், ஜலாலின் வாப்பா செறியகோயாவும் இதே பள்ளிவாசல் பக்கம்தான் எங்கேயோ குடியிருக்கிறார். பக்கத்து வீட்டுக்காரனே துரோகி என்று தெரியாமல் அந்த மனுஷன் எந்த மூலையில் தனியாக உட்கார்ந்திருக்கிறாரோ.

முடிவு செய்துவிட்டேன். இந்தக் குடும்பம் வேண்டாம். என் பிள்ளை என்னோடு இருக்கட்டும்.

மனசுக்கு மிகவும் வருத்தமாக இருந்தது. மதியம் இரண்டு தட்டு சோறு சாப்பிட்டேன்.

சாயங்காலம் தபாலாபீஸ் மேட்டில் சிக்னல் கிடைத்தது. ஹிதாயாவிடம், "அங்கே சில விஷயம் சரியில்ல புள்ள. வந்து சொல்லுதேன்" என்றேன். அவள் ஒன்றும் பேசவில்லை. சிக்னல் போய்விட்டது என்று நினைக்கிறேன். ஆனால் பின்னால் ஆஸ்பத்திரி லிப்ட் மணி கேட்டுக்கொண்டேதான் இருந்தது.

ஜனவரி 13, திங்கள்

எழுதித்தான் ஆக வேண்டும்.

பெரிய படகைப் பழுது பார்க்கக் கரையேற்றும் நாள். அதற்குத் தீவே வர வேண்டும் என்பது இவர்கள் வழக்கம். தென்னை மட்டைகளைச் சறுக்குக்கு வரிசையாகப் போட்டு, இரண்டு வடத்தில் ஐம்பது அறுபது பேர். ஒருவர் பாடுகிறார், மற்றவர்கள் பாட்டின் கடைசிச் சொல்லில் இழுக்கிறார்கள். என்னையும் வடத்தில் நிறுத்தினார்கள். நான் மற்றவர்கள் விடும்போது இழுத்தேன், இழுக்கும்போது விட்டேன். பெண்கள் கரையோரம் வெல்லமும் தேங்காயும் வைத்துக்கொண்டு நின்றார்கள். குஞ்ஞிபீயும் இருந்தாள்.

படகு பாதி ஏறியபோது இளைப்பாற நிறுத்தினார்கள். பூக்கோயா ஓர் ஆளைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தார். அதே ஒல்லி. அதே தாடி. இன்று வெள்ளைச் சட்டை, அத்தர் வாசம்.

"காக்கா, இவர்தான்..."

"தெரியும்" என்றேன். என் குரல் எனக்கே பிடித்திருந்தது. "இவரை எனக்கு நல்லாத் தெரியும். தினமும் சுபுஹுக்கு முன்னால உங்க தங்கச்சி வீட்டிலயிருந்து செருப்பைக் கையில தூக்கிட்டு இறங்கிப் போற ஆள்!"

பாட்டுக்காரர் உட்பட எல்லாரும் எங்கள் பக்கம் திரும்பினார்கள்.

அவர் கொஞ்சம் யோசித்து, "ஆமா" என்றார். "முப்பத்திரண்டு வருஷமா."

"வெட்கமில்லாம சொல்றீங்களே! அவங்க புருஷனுக்கு இது தெரியுமா?"

"தெரியும்."

"தெரிஞ்சும் என்ன சொல்றார்?"

அவர் இன்னும் யோசித்தார். "இப்பல்லாம் முழங்கால் வலிக்குதுன்னு சொல்றார்."

முதலில் சிரித்தது குஞ்ஞிபீ. முக்காட்டை வாயில் அடைத்துக்கொண்டு மணலில் உட்கார்ந்துவிட்டாள். பிறகு பெண்கள். பிறகு வடம் பிடித்திருந்தவர்கள். வடத்தை விட்டுவிட்டார்கள். படகு மட்டையில் சறுக்கி, ஆடி அசைந்து, திரும்பக் கடலுக்குள் போய்விட்டது.

அந்த ஆளின் பெயர் செறியகோயா.

ஜனவரி 14, செவ்வாய்

அறையை விட்டு வெளியே போகவில்லை. படகை இரண்டாவது தடவை கரையேற்றும் சத்தம் காலை முழுக்கக் கேட்டது. பாட்டில் புதிதாக "இன்ஸ்பெக்டர்" என்று ஒரு சொல் வருகிறது. அந்தச் சொல்லில்தான் எல்லாரும் சேர்ந்து இழுக்கிறார்கள். நன்றாக இழுபடுகிறது.

மதியம் கதவு தட்டப்பட்டது. செறியகோயா. கையில் ஓலையில் சுற்றிய தேங்காய் வெல்லம். மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தேன். வெல்லத்தை வாயில் வைத்துவிட்டார்.

பிறகு சொன்னார். இந்தத் தீவில் பெண் பிறந்த வீட்டை விட்டுப் போவதில்லை. கல்யாணமானாலும் உம்மா வீட்டில்தான் இருப்பாள். புருஷன் இஷாவுக்குப் பிறகு வருவான், விடியுமுன் தன் உம்மா வீட்டுக்குத் திரும்பிவிடுவான். உம்மா இல்லையென்றால் சகோதரி வீடு. பகலெல்லாம் அவன் உழைப்பு அங்கேதான். மஞ்சள் சுவர் வீட்டில் திட்டியது அவருடைய அக்கா. ஆக, இஷாவுக்குப் பின் டார்ச்சோடு போனவர்கள் எல்லாரும் கடத்தல்காரர்கள் இல்லை, புருஷன்மார்.

கிழமை விஷயமும் விளங்கியது. பரம்பரைச் சொத்துக்கு வெள்ளிக்கிழமைச் சொத்து என்று பெயர். பெண்வழியாகத்தான் போகும், பிரிக்க முடியாது. ஒருவன் தானாகச் சம்பாதித்தது திங்கட்கிழமைச் சொத்து. அதை அவன் விரும்பியவருக்குக் கொடுக்கலாம்.

"இதை முதல் நாளே யாராவது எங்கிட்ட சொல்லியிருக்கக் கூடாதா?" என்றேன்.

வாசலில் இருமிய பூக்கோயா உள்ளே தலையை நீட்டினார். "உங்க ஊருக்கு விருந்தாளி வந்தா, நாங்க காலையில பல் விளக்குவோம்னு சொல்லுவீங்களா காக்கா?"

"செருப்பை ஏன் கையில தூக்கிட்டுப் போறீங்க?"

"மணல் ஈரம். சத்தம் போடும். எதிர் அறையில விருந்தாளி தூங்குறாரேன்னு" என்றார் செறியகோயா.

ஜனவரி 15, புதன்

குஞ்ஞிபீயிடம் மன்னிப்புக் கேட்கப் போனேன். அவள் மாசி மீனை வெயிலில் பரப்பிக்கொண்டிருந்தாள். "முப்பத்திரண்டு வருஷத்தில என் மேல சந்தேகப்பட்ட ஒரே ஆம்பளை நீங்கதான். கொஞ்சம் சந்தோஷமாத்தான் இருந்தது" என்றாள்.

ராத்திரியிலிருந்து என் மனசில் ஒரு கணக்கு ஓடிக்கொண்டிருந்தது. அதை மறைக்க முடியவில்லை. சொல்லிவிட்டேன்.

"உங்க பழக்கம் ரொம்ப நல்ல பழக்கம். பொண்ணு பிறந்த வீட்டில இருக்கணும், மாப்பிள்ளை அங்கே வரணும். எனக்கு முழுச் சம்மதம். மாடியில ரெண்டு அறை இருக்கு."

அவள் மீனைக் கீழே வைத்தாள்.

"வந்த நாளிலிருந்து இப்பத்தான் நீங்க பல்லைக் காட்டுறீங்க."

நான் வாயை மூடிக்கொண்டேன்.

"அவர் தினமும் ராத்திரி வர்றார். காலையில எங்கே போறார்? அவரைப் பெத்தவ வீட்டுக்கு. நடுவில முன்னூறு தப்படி. எந்த உம்மாவும் இங்கே மகனைக் கொடுக்கிறதில்ல. ராத்திரிக்கு மட்டும் அனுப்புறோம்." அவள் தலையில் அடித்துக்கொள்ளவில்லை, அழவில்லை. சாதாரணமாகத்தான் கேட்டாள். "எனக்கு ஒருத்தன்தான். உங்க மாடியிலயிருந்து அவன் காலையில எப்படி என் வீட்டுக்கு நடந்து வருவான்?"

நான் பஸ் நேரம் தெரிந்தவன். எந்த ஊருக்கு எந்த வண்டி என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். இந்தத் தடத்துக்கு வண்டி இல்லை.

அறை எத்தனை, மாடியில் யார், கடல் எவ்வளவு தூரம். வீட்டை அளக்கவில்லை அவள்.

"எனக்கும் ஒருத்திதான்" என்றேன். அவள் கேட்காத கேள்விக்கு.

வெள்ளிக்கிழமை கப்பல். அதற்குள் பதில் சொல்ல வேண்டும். நான் சரி என்றால் இரண்டு பேரில் ஒருவர் வீடு காலியாகும். இல்லை என்றால் ஒருவர் வீடும் காலியாகாது. ஹிதாயா என் முகத்தைப் பார்க்க மாட்டாள். அவ்வளவுதான் விஷயம். இதற்கு இத்தனை பக்கம் எழுதியிருக்கிறேன்.

ஜனவரி 16, வியாழன்

தபாலாபீஸ் மேட்டில் ஒரு மணி நேரம். சிக்னல் ஒருமுறைகூடப் போகவில்லை.

"இந்தப் பழக்கமெல்லாம் உனக்குத் தெரியுமா புள்ள?"

"தெரியும் வாப்பா."

"ஏன் சொல்லல?"

"சொன்னா, அதையே காரணமாக்கி வேண்டாம்னிருப்பீங்க. ஏற்கனவே நாலு பேரை அப்படித்தானே..."

"அவங்க நாலு பேரும் சரியில்ல புள்ள."

"நாலாவது ஆள்கிட்ட என்ன குறை?"

இதற்குப் பதில் யோசிக்கும்போது அவளே பேசினாள். "வாப்பா, அவர் கடையநல்லூருக்கு வரத் தயார். நான்தான் வேண்டாம்னேன். நான் அங்கே வர்றேன்னு எப்பவோ சொல்லிட்டேன். தீவு ஆஸ்பத்திரியில லேப் வேலைக்கு ஆள் கேட்டிருக்காங்க, எழுதிப் போட்டிருக்கேன். உங்ககிட்டதான் சொல்லல."

"ஏன்?"

"நீங்க தனியா இருப்பீங்க."

"நான் எங்க தனியா?" என்று சொல்லி ஒரு பெரிய பட்டியலை ஆரம்பித்தேன். டீக்கடை. பள்ளிவாசல். முட்டிவலிக்கு டாக்டர் சொன்ன நடை. பட்டியல் மூன்றோடு முடிந்துவிட்டது. அவள் அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சினாள். ஏசி அறையில் வேலை, சளி பிடித்திருக்கும்.

அவளுக்குத் தலைவாரிப் பள்ளிக்கூடம் அனுப்பிய காலத்தில் எனக்குப் பின்னல் போடத் தெரியாது. பஸ்ஸில் வரும் பூக்காரியிடம் ஒரு கயிற்றில் கற்றுக்கொண்டேன். கொஞ்ச நாள் புள்ளையின் தலை கயிறு மாதிரியே இருந்தது. சரி, அதெல்லாம் எதற்கு.

நேரே நீலக் கதவு வீட்டுக்குப் போனேன். பகல் நேரம், ஆனாலும் இன்று செறியகோயாவும் இருந்தார். சங்கடத்தோடு ஸ்டூல் நுனியில் உட்கார்ந்திருந்தார், மாமியார் வீட்டுக்கு முதல் தடவை வந்தவர் மாதிரி.

"என் புள்ள இங்கே வரும்" என்றேன். "ஜலால் உங்களை விட்டுப் போக வேண்டாம். எனக்குச் சம்மதம்."

குஞ்ஞிபீ என் முகத்தையே பார்த்தாள். அந்தப் பார்வையில் டிக்கெட் இல்லாதவன் நான்தான்.

"பெண்ணுக்கு இங்கே வீடு இல்லையே" என்றார் பூக்கோயா. "மாமியார் வீட்டில மருமகள் இருந்தா ஊர் சிரிக்கும்."

செறியகோயா தொண்டையைச் செருமினார். பள்ளிவாசலுக்குத் தெற்கே அவர் கையால் வைத்த தோப்பு இருக்கிறது, திங்கட்கிழமைச் சொத்து, நாற்பத்தாறு தென்னை, நல்ல தண்ணீர்க் கிணறு. அதை ஹிதாயா பெயரில் எழுதி அங்கே ஒரு வீடு போடலாம். இன்று காலையிலேயே அக்காவிடம் சொல்லிவிட்டாராம். அக்கா வெயில் ஏறும்வரை திட்டிவிட்டு, ஜன்னல் எத்தனை என்று கேட்டாளாம்.

"ஜலாலுக்கு அங்கிருந்து இங்கே எத்தனை தப்படி?" என்று கேட்டேன்.

"நானூறு" என்றாள் குஞ்ஞிபீ. யாரும் எண்ணிப் பார்க்காமலேயே. பிறகு, "அப்ப நீங்க?" என்றாள்.

"எனக்கென்ன!"

அவள் உள்ளே போனாள். இராத்திரி மீன் வரவில்லை. எங்கிருந்தோ ஒரு முருங்கைக்காயைக் கண்டுபிடித்து சாம்பார் மாதிரி ஒன்று அனுப்பியிருந்தாள். சாம்பார் இல்லை. ஆனால் மிச்சம் வைக்கவில்லை.

ஜனவரி 17, வெள்ளி. கப்பலில்

காலையில் கரையில் படகுக்காகக் காத்திருந்தோம். குஞ்ஞிபீ, செறியகோயா, பூக்கோயா. கப்பல் தூரத்தில் நின்றது. நான் எல்லாருக்கும் சலாம் சொல்லிவிட்டேன்.

"காக்கா, ஒரு பழக்கம் சொல்ல மறந்துட்டோம்" என்றாள் குஞ்ஞிபீ.

"இன்னும் ஒண்ணா?"

"புது வீடு போட்டா, பெண்ணோட வாப்பா முதல் மழைக்காலம் முழுக்க அந்த வீட்டில தங்கணும். கூரை ஒழுகுதான்னு பார்க்கிறது அவர் பொறுப்பு. கப்பல் ஒழுங்கா வராத நாலு மாசம். நடுவில போக முடியாது."

"ஒழுகினா?"

"அடுத்த மழைக்கும் இருக்கணும்."

"ஒழுகலைன்னா?"

"தீவில ஒழுகாத கூரையே கிடையாது" என்றார் பூக்கோயா.

நான் செறியகோயா பக்கம் திரும்பினேன். "உங்க மாமனார் அப்படி இருந்தாரா?"

அவர் பெண்டாட்டியைப் பார்த்தார். பிறகு கடலைப் பார்த்தார். "இருந்தார், இருந்தார். ரொம்ப நாள்."

ஒரு நிமிஷம் கணக்குப் போட்டேன். இவர்கள் வழக்கப்படி குஞ்ஞிபீயின் வாப்பாவும் இரவில் வந்து விடியலில் போகிறவர்தானே? பகலெல்லாம் தன் அக்கா தங்கை வீட்டில் இருக்க வேண்டிய மனுஷன். அவர் எப்படி மகள் வீட்டில் நாலு மாதம் உட்கார்ந்து கூரையைப் பார்த்திருக்க முடியும்? போதாததற்கு, இங்கே பெண்ணுக்குப் புதிதாக வீடு போடுவதே கிடையாதே. அவள் பிறந்த வீட்டில் அல்லவா இருக்கிறாள்!

மூன்று பேரும் மூன்று திசையில் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பூக்கோயா இருமினார். குஞ்ஞிபீயின் கை முக்காட்டு நுனியைத் திருகிக்கொண்டே இருந்தது. பதினெட்டு வருட சர்வீசில் இவ்வளவு மோசமாகப் பொய் சொன்னவர்களை நான் பார்த்ததில்லை.

படகுக்காரர் கை காட்டினார். தண்ணீரில் இறங்கினேன். இந்தத் தடவை யாரும் கக்கத்தைப் பிடிக்கவில்லை. செறியகோயா கையைத்தான் பிடித்தார்.

"பழக்கம்னா மீறக் கூடாது" என்றேன். "மழை எந்த மாசம் ஆரம்பிக்கும்?"